கதிர் இறக்கப்படும்

பேய் இறக்குவதற்கு இப்போது ஆள் வருவதில்லை. பேய்க்கே மார்க்கெட் போய்விட்டது. அதனால் எங்கள் தெருக்கோடி மாடியில் ஒருவர் கதிர் இறக்கத் தொடங்கினார்.

என்ன கதிர் என்கிறீர்களா? எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்தவர்களின் உடம்புக்குள் புகுந்து, வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே குடித்தனம் நடத்தும் கதிர். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏற்றுவார்கள், ஐயா இறக்குவார். பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

கூட்டம் படிக்கட்டில் தொடங்கி, சலவைக்கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை நின்றது. பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட, வரிசை நகர்கிறதே என்று நகர்ந்து, மாடியில் கதிர் இறக்கிக்கொண்டு, பஸ்ஸை விட்டார்கள். பேராசிரியர் ஒருவர் வந்தார். பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தாராம். அதிலிருந்து கோபம் வருகிறதாம். "அதுக்கு முன்னாடியும் வரும்ங்க" என்றார் அவர் மனைவி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐயாவின் முறை இது. நோயாளியை வீட்டாரே தூக்கிப் படுக்கவைத்து, தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணியால் மூடிவிட வேண்டும். அதன் பிறகுதான் ஐயா உள்ளே வருவார். நோயாளி மூச்சுவிடலாம், பேசக்கூடாது. பேசினால் கதிர் கலைந்து ஈரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஐயா ஒரு கறுப்புப் பெட்டியைத் துணியின் மேலாக நகர்த்துவார். கதிர் உள்ள இடத்தில் பெட்டி 'கீ' என்று அலறும். செம்புத் தகட்டால் வழிப்பார். அலறல் அடங்கும். தகட்டை வாளியில் உதறுவார். அந்த வாளியைக் கழுவும் அம்மா கையுறை போட்டிருந்தார். அதைப் பார்த்தே பாதிப் பேருக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

என் மாமியாருக்கு முழு நம்பிக்கை.

அத்தையின் மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அத்தை மாடிப்படி ஏறினார்.

"முதல்ல பழைய கதிரை இறக்கணுமாம் மாப்பிள்ளை. அது மேல புதுக் கதிர் பட்டா கட்டி வெடிச்சுப் பரவிடுமாம்."

"பழைய கதிர் எது அத்தை?"

"சின்ன வயசுல இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரே."

"அது அப்பவே போயிடுச்சு. லைட்டை அணைச்சப்புறம் ரூம்ல வெளிச்சம் தங்குதா?"

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "என் பொண்ணுக்கு ஸ்கேன் எடுத்தாங்க. மறுமாசமே போயிட்டா. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

இருந்தேன். அவள் என் மனைவி. ஸ்கேன் எடுத்த அன்றே நோய் ஈரல்வரை போயிருந்தது. திருடனைக் காட்டிய விளக்கையே திருடன் என்றால் என்ன சொல்வது? ஐயா அத்தைக்கு இறக்கிக்கொண்டே இருந்தார். கதிர் தீரவில்லை. கட்டி பட்டாணியிலிருந்து கொண்டைக்கடலை ஆனது.

என் மச்சானுக்குத் துணிக்கடை. கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் பொம்மை நிற்கும். இடுப்பும் முழங்காலும் மடங்கும். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சானிடம் சொன்னேன். அவன் டீயைத் துப்பிவிட்டான்.

அத்தையிடம் நேராகவே பேசினேன். "இந்தப் பொம்மையை ஐயாகிட்ட கூட்டிட்டுப் போறோம். இது மனுஷி இல்லேன்னு அவர் சொல்லிட்டா, ஸ்கேன்னு இனி வாயே திறக்க மாட்டேன். சொல்லலேன்னா நீங்க நாளைக்குக் காலையில ஸ்கேனுக்கு வரணும்."

"வாசல்லயே கண்டுபிடிச்சுடுவார். ரெண்டு பேரும் மூக்கு உடைஞ்சு வருவீங்க" என்றார் அத்தை. பிறகு மகனைப் பார்த்து, "டேய், முடியைச் சீவி விடு. வெளியில போறாள்ல?" என்றார்.

சக்கர நாற்காலி, சால்வை, முகமூடி, கறுப்புக் கண்ணாடி. பொம்மை வரிசையில் சேர்ந்தது.

"என் சித்திங்க. பேச்சு வராது" என்றான் மச்சான்.

"எவ்வளவு பொறுமையா உக்காந்திருக்காங்க!" என்றார் முன்னால் நின்ற பெரியவர். "எங்க வீட்டுலயும் இருக்காளே." இறக்கிய கதிர் திரும்ப ஏறிவிட்டதென்று வந்திருந்த பேராசிரியர், தமக்கு முன்னால் போகும்படி வழிவிட்டார். பொம்மை நன்றி சொல்லவில்லை. அதற்கும் கதிர்தான் காரணம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

நாற்காலியோடு மாடியேற்றி, உள்ளே தூக்கிப் படுக்கவைக்கும்போது இடதுகை கழன்று மச்சானின் கையோடு வந்துவிட்டது. சட்டென்று துணிக்குள் செருகினான். காத்திருந்தவர்கள் சுவரோரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை முன்வரிசையில். ஐயா வந்தார். பெட்டி வயிற்றுக்கு மேலே போனதும், 'கீ'!

"அடடா! ரெண்டு பிள்ளை பெத்த உடம்பு. ரெண்டாவதுக்கு எடுத்த ஸ்கேன் இன்னும் வயித்துலயே நிக்குது!"

அத்தையின் முகம் மாறியது. ஐயா தலைக்குப் போனார். 'கீ'!

"தலையில மூணு சி.டி. எடுத்திருக்காங்க. அதான் பேச்சு போச்சு." காலைத் தொட்டார். "பாருங்க விறைப்பை! கதிர் எலும்புவரைக்கும் இறங்கிடுச்சு!"

கூட்டம் 'உச்' கொட்டியது. ஐயா தகட்டால் வழித்து வழித்து உதறினார். வேர்த்துக் கொட்டியது, அவருக்கு.

"இப்ப உடம்பு இளகுது, தெரியுதா?"

"தெரியுது ஐயா!"

"விரல் அசைஞ்சுது! நான் பார்த்தேன்!" என்று கத்தினார் பேராசிரியர்.

அத்தை எழுந்தார். போன வேகத்தில் துணியை இழுத்தார். இடதுகை தரையில் விழுந்து உருண்டது. ஒரு பெண் அலறினாள். அத்தை குனிந்து பொம்மையின் வயிற்றைத் தட்டினார். டொக், டொக்.

"இவளா ரெண்டு பிள்ளை பெத்தா?"

ஐயா அசரவில்லை. "பிளாஸ்டிக்கும் கதிரை இழுக்கும்மா."

பேராசிரியர் தலையாட்டினார். இழுக்குமாம்.

"பிரசவத்தையும் இழுக்குமா?" என்று கேட்டார் அத்தை.

முதலில் பேராசிரியரின் மனைவி சிரித்தார். பிறகு பெரியவர். பிறகு மாடியே குலுங்கியது. மச்சான் ஐயாவின் காலடி விரிப்பைத் தூக்கினான். கீழே ஒரு மிதி சுவிட்ச். மிதித்தான்: 'கீ'. நான் மிதித்தேன்: 'கீ'. எனக்கு உனக்கு என்று வரிசையே வந்து மிதித்தது. கடைசி ஆள் மிதிப்பதற்குள் ஐயா பின்படிக்கட்டு வழியாக, எந்தக் கதிரும் இறங்காத வேகத்தில் இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை ஸ்கேன் மையம். அத்தை அங்கிருந்த டாக்டரம்மாவை லேசில் விடவில்லை. ஏமாந்தவர் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டால் அப்படித்தான்.

"இதுல கதிர் உண்டா?"

"அல்ட்ராசவுண்டுல கிடையாதும்மா. அது சத்தம், நம்ம காதுக்குக் கேட்காது. மேமோகிராம் எக்ஸ்ரேதான், ரொம்பக் கொஞ்சம். படம் எடுத்ததோட சரி, உடம்புல தங்காது."

"எம்.ஆர்.ஐ.?"

"காந்தம். உடம்புக்குள்ள பேஸ்மேக்கர், கம்பி ஏதாவது வெச்சிருந்தா முன்னாடியே சொல்லணும்."

"சி.டி.யும் அப்படித்தானா?"

"இல்ல. அதுல கதிர் கொஞ்சம் கூடுதல். எதுக்கு எடுக்கிறீங்க, வேற வழி இருக்கான்னு டாக்டர்கிட்ட தாராளமா கேளுங்க. வயித்துல பிள்ளை இருந்தா முதல்ல அதைச் சொல்லணும். தேவைன்னா பயப்படாம எடுக்கணும், தேவையில்லேன்னா ஆசைக்கு எடுக்கக்கூடாது. அவ்வளவுதான்."

படங்களைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். "சந்தேகமாத்தான் இருக்கு. ஊசி விட்டுக் கட்டியிலேருந்து ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிக்கணும். ஆனா சின்னது. அக்குள்ல எதுவும் தெரியல. எதுவா இருந்தாலும் சீக்கிரமே வந்துட்டீங்க."

அத்தை என் பக்கம் திரும்பினார்.

"என் பொண்ணும் சீக்கிரம் வந்திருந்தா?"

"வாங்க அத்தை. ஊசிக்கு நாள் கேட்போம்" என்றேன்.

கேட்டோம். கொடுத்தார்கள். திரும்பி வரும்போது தெருக்கோடி மாடியில் புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். செல்போன் டவரின் தோஷம் கழிக்கப்படுமாம். பேராசிரியர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உடம்புக்குள் இருப்பதைப் பார்க்க மனிதன் எத்தனையோ கருவி கண்டுபிடித்துவிட்டான். மண்டைக்குள் இருப்பதைப் பயன்படுத்தக் கருவி எதுவும் வராது. அதை அவரவரேதான் செய்தாக வேண்டும்.