புளியமரத்து ஆணிகளைப் பிடுங்கிய விவரம்

ஏழாயிரம்பண்ணை,
வியாழக்கிழமை காலை.

சிவகாசி காலண்டர் கம்பெனியில் கட்டிங் மெஷின் சூப்பர்வைசராக இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் மாரிசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை வேலுத்தாயின் கணவன் சங்கிலிமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

அங்கே நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முப்பத்தொரு வருஷமாக எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், எனக்கு மூலம் ஆபரேஷன் நடந்த வாரம் உட்பட. இந்தத் தடவை மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். முதல் காரணம், நீங்கள் போனை எடுப்பதில்லை. இரண்டாவது காரணம், வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உங்கள் தங்கை காதில் விழுகிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து பேசாமல் நினைத்தாலும் விழுகிறது.

நான் பட்டாசுக் கம்பெனியில் மராமத்து ஆளாக இருபத்தெட்டு வருஷம் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். மருந்து ரூமில் இரும்பு உரசினால் பொறி, பொறி வந்தால் ஆள் இல்லை. அதனால் கதவிலோ பலகையிலோ ஒரு இரும்பு ஆணி தலைகாட்டக் கூடாது. சீசனுக்கு ஒரு புத்திசாலி எங்கிருந்தாவது வந்து தூக்குச்சட்டி மாட்ட ஆணி அடித்துவிட்டுப் போவான், நான் பித்தளைக் குறட்டோடு போய் அதைப் பிடுங்குவேன். அந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. குறடு வழுக்கும். சுத்தியலின் பிளந்த வால், ஆணித்தலை வெளியே இருந்தால்தான் கவ்வும், தலை ஒடிந்து உள்ளே அமுங்கிவிட்டால் சுத்தியலும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ரிட்டயர் ஆன பிறகு இரண்டு வருஷமாக எனக்கு இதே யோசனை. நான் செய்த முதல் கருவி வெல்டிங் விட்டு என் முன்பல்லில் பாதியைக் கொண்டுபோனது. இரண்டாவது கருவி ஆணியை விட்டுவிட்டு பீரோ கதவைப் பிடுங்கியது. மூன்றாவதை லாரி ஸ்பிரிங் பட்டா இரும்பில் செய்தேன். வாய் கிளிமூக்கு மாதிரி இருக்கும், உள்பக்கம் அரத்தால் பல் வெட்டியிருக்கிறேன். பிடியில் மேலும் கீழும் ஓடுகிற ஒரு குண்டு, அதைத் தூக்கி இரண்டு தட்டு தட்டினால் வாய் மரத்துக்குள் இறங்கிப் புதைந்த ஆணியின் கழுத்தைப் பிடித்துவிடும். வாய்க்குப் பக்கத்தில் உருண்டையாக ஒரு குதிகால் வைத்தேன், அதுதான் என் மூளை. இழுக்கவே வேண்டாம், சும்மா சாய்த்தால் குதிகால் உருண்டு ஆணி வளையாமல் நேராக மேலே வரும். இதைக் கேள்விப்பட்டு, மரம் அறுக்கும் மில் வைத்திருக்கிற தேவாசீர்வாதம் ஐயா திங்கட்கிழமை வீடு தேடி வந்தார்.

ரோட்டை அகலப்படுத்த பஸ் ஸ்டாப் புளியமரத்தை வெட்டப் போகிறார்களாம், அடுத்த புதன்கிழமை வெட்டு, மரம் அவர் மில்லுக்கு. "அந்த மரம் பூரா ஆணிங்க. ஒரு ஆணி மாட்டுனாக்கூட வாள்ல அம்புட்டுப் பல்லும் போயிரும். நீங்கதான் எடுத்துத் தரணும்" என்றார். அது என்ன மரம் என்று தெரியாமல் நான் போகவில்லை, மச்சான். மல்லாங்கிணற்றுக் கோடாங்கி உடுக்கு அடித்து, பேய் பிடித்த பெண்ணின் உச்சிமுடியை மரத்தோடு வைத்து ஆணி அறைந்து, முடியை அறுத்து, பேயை மரத்திலும் பெண்ணை வீட்டிலும் விடுகிற மரம். தெரிந்தேதான் போனேன். ஆணி ஆணிதான் என்று நினைத்தேன். தேவாசீர்வாதம் ஐயாவும் அப்படித்தான் சொன்னார், ஆனால் மரத்துக்கு இருபதடி தள்ளி நின்று ஒரு ஜெபம் பண்ணிவிட்டுச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் ஆணி வரும்போது 'கீ' என்று சத்தம் வந்தது. துரு என்று நினைத்தேன். இரண்டாவது வேறு மாதிரி, யாரோ தொண்டையைச் செருமுவது போல. ஒவ்வொரு ஆணியிலும் முடி சுற்றியிருந்தது. இத்தனை வருஷ மழைக்கும் வெயிலுக்கும் பிறகு அந்த முடியில் தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் இருந்தது, அப்போதே நான் கருவியைக் கீழே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் கருவி என்ன அழகாக வேலை செய்கிறது தெரியுமா. ஒன்று வந்ததும் அடுத்ததற்குக் கை தானாகப் போகிறது. உச்சி வெயிலுக்குள் பத்தொன்பது பிடுங்கினேன். பதினாறாவது வந்தபோது மட்டும் சத்தமே இல்லை, நீளமாக ஒரு பெருமூச்சுக் காற்று என் முகத்தில் பட்டது. எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் கால் வைத்ததும் உள்ளிருந்து குரல்: "சங்கிலிமுத்து, கை கால் கழுவிட்டு வா, சோறு ஆறுது."

எனக்குப் பின்னால் யாரோ என்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மச்சான், முப்பத்தொரு வருஷத்தில் அவள் என் பேரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொல்லுவாள். உள்ளே போனால், அவள் தனக்கும் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெண் பார்க்க வந்த அன்று "எந்தங்கச்சி அதிர்ந்து பேசாது" என்று நீங்கள் உத்தரவாதம் கொடுத்தீர்களே, அந்தத் தங்கச்சி வாய் நிறையச் சிரித்தாள். டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, பத்தொன்பதில் ஒன்றைத் தேடாமலே எடுத்து, "இது என்னோடது" என்றாள். பதினாறாவது ஆணி.

அவள் சொல்லித்தான் எனக்கே விஷயம் தெரியும். அவளுக்குப் பத்தொன்பது வயதில், பட்டாசுக் கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து திரி செருகுகிற சிநேகிதி ரோஜா ரூமோடு கருகிப் போன மறுநாள், இவள் கம்பெனி வேனில் ஏற மாட்டேன் என்று நடுரோட்டில் உட்கார்ந்து போர்மேனைப் பேர் சொல்லி ஏசியிருக்கிறாள். ரோஜாதான் இவள் மேல் வந்து பேசுகிறாள் என்று நீங்கள் எல்லாரும் மரத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறீர்கள். இரண்டு மாதம் கழித்து எனக்குக் கட்டி வைத்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மாட்டேன் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ, ஆணியையாவது யோசிக்காமல் பிடுங்கியிருக்க மாட்டேன். "இப்பப் பேசுறது நீயா, ரோஜாவா?" என்று கேட்டேன். "ஒனக்கு எது வேணும்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

இது என் வீட்டோடு நின்றிருந்தால் நான் பொறுத்திருப்பேன். புதன்கிழமை காலை டீக்கடை பாண்டிச்செல்வி பால் பொங்கிக்கொண்டிருக்கும்போதே பாத்திரத்தை இறக்காமல் வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, "நீ ஆத்து" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கம்பெனி வேன் வந்தது. ஏற வேண்டிய பெண்களில் நாலு பேர் ஏறவில்லை. "நாலு பேரு இருக்க வேண்டிய ரூமுல ஒம்பது பேர ஏன் வைக்கீக?" என்று டிரைவரிடம் கேட்டார்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், ஒரே இடத்தில் மூச்சு விட்டுக் கேட்டார்கள். டிரைவர் வண்டியை ரிவர்ஸிலேயே ஒரு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அதே புதன் உச்சிப்பொழுதில் உங்கள் தங்கை அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பில்லாமல் கிளம்பினாள், நான் பின்னால் போனேன். மரத்தைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள், சிலர் வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. எல்லாரும் வலது கையைத் தூக்கி அவரவர் உச்சியில், முடி அறுத்த இடத்தில் வைத்துக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. ஆணி பத்தொன்பது ஆயிற்றே என்று மெதுவாக இவளிடம் கேட்டேன். "மத்த ரெண்டு பேரும் செத்துப் போனவக. அங்கன நிக்காக பாரு" என்றாள். பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த வட்டத்தில் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள், அந்த இடத்தில் ஆளில்லாமலே புழுதியில் இரண்டு நிழல் கிடந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அந்தப் பதினாறாவது ஆணியை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய ஓட்டையில் வைத்து அடித்தேன். ஆயுசு முழுக்கப் பிடுங்கிய கைக்கு அடிக்க வரவில்லை. ஒரு அடிக்கு அரை இஞ்சு உள்ளே போகும், அடுத்த அடிக்குச் சுத்தியலை ஓங்குவதற்குள் முக்கால் இஞ்சு வெளியே வந்து நிற்கும். வெறுத்துப்போய்த் திரும்பினால் இவள் வாசற்படியில் உட்கார்ந்து உச்சியைத் தடவிக்கொண்டிருக்கிறாள். "ஏழு அடி அடிச்சியா? இங்கன கேட்டுச்சு" என்றாள். ஏழுதான் அடித்திருந்தேன். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு, "எனக்குப் பிடிச்ச கலரு என்னன்னு சொல்லு பாப்போம்" என்று கேட்டாள். பச்சை என்றேன், நீலம் என்றேன். முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது மச்சான்.

ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு என் பழைய வேலுத்தாய் வேண்டும். யாரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று தெரியாமல் என்னால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை. கோடாங்கியைப் போனில் பிடித்தேன். முடியைப் பிடித்த கைதான் திரும்பவும் ஆணியைப் பிடிக்க வேண்டும், வேறு கைக்கு நிற்காது என்றார். அன்றைக்கு முடியைப் பிடித்தது அண்ணன்தான் என்று இவள் சொல்கிறாள். ஆகையால் நீங்கள் செவ்வாய்க்கிழமைக்குள் கோடாங்கியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட வேண்டும். புதன்கிழமை மரம் போய்விட்டால் பிறகு அடிப்பதற்கு இடமில்லை. லீவு கிடைக்காது என்று சொல்லாதீர்கள். இது காலண்டர் சீசன் என்று எனக்கும் தெரியும்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் படித்து, இரும்புக்கும் மருந்துக்கும் தூரமான ஒரு உத்தியோகத்துக்குப் போக நம் குலசாமி கண் திறக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை வாசலிலேயே பார்த்திருக்கும்
சங்கிலிமுத்து

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை மத்தியானம் எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன்னால் வேலுத்தாய் படித்துவிட்டாள். அரிசி மூட்டைக்கு அடியில் வைத்திருந்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு தரம் படித்து, மடித்து வைத்து, என் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மரத்தின் கிழக்குப் பக்கம், என் இடுப்பு உயரத்தில், பட்டை மூடி மேடு தட்டிய ஒரு இடத்தை விரலால் தடவி, "இங்கன ஒண்ணு இருக்கு. நீ பாக்கல" என்றாள். நான் தொடவில்லை, அவளே குண்டைத் தூக்கித் தட்டி, அவளே சாய்த்தாள். வந்தது. முடி குட்டையாக இருந்தது, ஆம்பளைப் பிள்ளை முடி. "அண்ணனோடது. அம்மா செத்தப்ப அதுக்கு ஒம்பது வயசு. ராப்பகலா அழுதுக்கிட்டே கெடந்துச்சு. அம்மாதான் அதப் பிடிச்சிருக்குன்னு அப்பா கூட்டிட்டு வந்து அறைஞ்சுட்டாரு. அன்னைக்கு நின்ன அழுகதான், இன்னைக்கு வரைக்கும் அழல" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

ஆகையால் மச்சான், மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கோடாங்கி வேண்டாம், அவருக்கு நானே போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு உங்கள் ஆணியைப் பிடுங்கினோம். அந்த நேரம் நீங்கள் மெஷின் பக்கத்தில்தான் நின்றிருப்பீர்கள், உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கம்பெனியில் யாருக்கும் விளங்கியிருக்காது. காரணம் தெரியட்டும் என்றுதான் இதை அனுப்புகிறேன். வேலுத்தாய் பக்கத்திலேயே நின்று எழுதச் சொல்கிறாள்: "வெக்கப்படாம அழச் சொல்லு. எம்புட்டு நாளானாலும் ஆகட்டும். முடிஞ்சதும் பஸ் ஏறி வரச் சொல்லு, அம்மாவப் பத்திப் பேச எனக்கும் வேற ஆளு இல்ல."