ஏழு நாள் கிணறு

கந்தப்புவின் உயில் கிணற்றடியில் வந்து நின்றுவிட்டது.

நிலத்தில் சிக்கல் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்தை மூன்று துண்டாக்கி, மூத்தவன் கதிரேசுவுக்கு ஒன்று, இளையவன் மனோகரனுக்கு ஒன்று, மகள் தங்கரத்தினத்துக்கு நடுத்துண்டு என்று காலைத் தேநீர் ஆறுவதற்குள் எழுதிவிட்டார். கிணறு மட்டும் ஒன்றுதான் இருந்தது. அதுவும் நடுத்துண்டில் இருந்தது.

மலாயாவின் செடெனாக் ரயில் நிலையத்தில் கணக்கும் கடுதாசியும் பார்க்கும் பெரிய கிராணி அவர். அடுத்த வருஷம் பென்ஷன். ஒரு பலாமரக் கிளைக்காகத் தமையன்மேல் வழக்குப் போட்டவர். தமையன் கண்மூடியபோதும் இருவருக்கும் பேச்சில்லை. அது அவரை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. தம் பிள்ளைகளுக்கு அந்த வினை வரக்கூடாது என்றுதான் உயிரோடு இருக்கும்போதே பிரித்துவிட உட்கார்ந்தார்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தங்கரத்தினத்துக்குப் பேசியிருந்த பையனின் தகப்பன், பென்ஷன் வாங்கிய போஸ்ட்மாஸ்டர் மணியத்தார், சீதனம் பேசி முடிக்க ஆயர் ஈத்தாம் ஊரிலிருந்து அன்று மத்தியானம் வருகிறார். தங்கரத்தினத்துக்கும் பையனைப் பிடித்திருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"எங்கடை வழக்கம் என்ன?" என்று கந்தப்பு மகன்களைக் கேட்டார். "தாயின்ரை சீதனம் பொம்பிளைப் பிள்ளையளுக்கு. தகப்பன் வழி வந்த முதுசம் ஆம்பிளைப் பிள்ளையளுக்கு. ஆனா நான் என்ரை முதுசத்திலை மகளுக்கும் பங்கு தாறன். இப்பிடி ஆர் செய்வினம்?"

"ஒருத்தரும் செய்யாயினம் ஐயா," என்றான் கதிரேசு. அது பாராட்டு மாதிரித் தெரியவில்லை. "கிணறு தங்கச்சியின்ரை துண்டிலை. அப்ப என்ரை புகையிலைக்கு நான் என்ன, துப்பலோ துப்புறது?"

கதிரேசு புகையிலைச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. மனோகரனும் அப்படியே. இருவரும் அதிகபட்சம் சிங்கப்பூர் வரை போனவர்கள்.

அடுக்களையிலிருந்து கந்தப்புவின் மனைவி அன்னபாக்கியம் எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, அந்தக் கிணறு..."

"இது சட்ட விஷயம். நீர் வடையைப் பாரும்."

அவள் வடையைப் பார்க்கப் போனாள்.

கந்தப்புவுக்கு ஊர் முறை ஞாபகம் வந்தது. ஒரே கிணற்றில் பங்குள்ளவர்கள் நாள் பிரித்துத் தண்ணீர் இறைப்பார்கள். திங்கள், செவ்வாய் மூத்தவனுக்கு. புதன், வியாழன் மகளுக்கு. வெள்ளி, சனி இளையவனுக்கு. தம் மூளையைத் தாமே மெச்சிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை அவனுக்கோ?" என்றான் கதிரேசு.

"வெள்ளிக்கிழமைத் தண்ணியிலை என்னடா விசேஷம்?"

"விசேஷம் இல்லாட்டி எனக்குத் தாங்கோவன்."

அதுவரை வெள்ளிக்கிழமையைப் பற்றி நினைத்தே பார்க்காத மனோகரனுக்கு, அந்த நிமிஷத்திலிருந்து அது இல்லாமல் உயிர்வாழ முடியாது என்று ஆகிவிட்டது. "தரேலாது," என்றான்.

சாட்சிக் கையெழுத்துக்காக வரவழைத்திருந்த போர்ட்டர் லெட்சுமணன் வாசலில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றான். "கிராணி ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? அந்தக் கிணத்துல இப்ப தண்ணி இருக்குங்களா?"

"இல்லாமல்? கல்யாண லீவிலை ஊருக்குப் போனபோதுதான் முதல்முதல் பார்த்தனான். நிறையத் தண்ணி. பெரியாக்கள் எல்லாம் பேசி முடிச்சு வைச்சிருந்தினம். நான் தாலியைக் கட்டிப்போட்டுக் கப்பல் ஏறினன். அண்டு துவக்கம் வருஷா வருஷம் குத்தகைக்காரன் புகையிலை அனுப்புறான்தானே?"

"இஞ்சாருங்கோ," என்று அன்னபாக்கியம் மறுபடியும் வந்தாள். "அதைத்தான் நானும் சொல்ல வந்தனான்..."

"தேத்தண்ணி கொண்டு வாரும். மணியத்தார் வாற நேரம்."

மணியத்தார் மழையோடு வந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, உயிலை முழுக்க வாசிக்கக் கேட்டார்.

"ரெண்டு நாள் தண்ணியோ?" என்றார். "அதிலை புகையிலையோ நடுறது? என்ரை மகன் முகம் கழுவத்தான் காணும்."

கந்தப்பு பதறிப்போனார். "ஞாயிற்றுக்கிழமை ஒண்டு மிச்சம் இருக்கு. அதையும் மகளுக்கே போடுறன்!"

மகன்கள் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"அவளுக்கு மூண்டு நாள், எங்களுக்கு ரெண்டோ? நான் ஜோகூர் பாருவிலை லோயரைப் பார்க்கிறன்," என்றான் கதிரேசு.

"நான் சிங்கப்பூரிலையே பார்க்கிறன்," என்றான் மனோகரன்.

காலையிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. இரண்டு ஊருக்கும் ஒரே ரயில்தான்.

கந்தப்புவின் கண்முன்னால் அந்தப் பலாமரம் வந்து நின்றது. அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது; கிராணி என்பதால் அடக்கிக்கொண்டார்.

"ஒருத்தருக்கும் வேண்டாம்!" என்று கத்தினார். "ஞாயிற்றுக்கிழமை அன்னபாக்கியத்துக்கு! நானே விரும்பிக் குடுக்கிறன். பெத்த தாய்க்கெண்டால் ஆரும் வாய் திறக்கேலாது!"

மகன்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். மணியத்தார் மட்டும் குடையை எடுத்தார்.

"அப்ப நான் வாறன், கந்தப்பு. ரெண்டு நாள் தண்ணிக்கு நான் பொம்பிளை எடுக்கேலாது. தோட்டம் முழுசா, கிணறு முழுசா எண்டால் சொல்லி அனுப்பும்."

கதவுக்குப் பின்னால் தங்கரத்தினம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அன்னபாக்கியம் வடைத் தட்டோடு வந்தாள். மகள் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தாள். தட்டை மணியத்தாரின் முன்னால் வைத்து, அவர் கையிலிருந்த குடையை மெல்ல வாங்கிப் பழையபடி சுவரில் சாத்தினாள்.

"இருங்கோ, வடை ஆறப்போகுது," என்றாள். "உந்தத் தோட்டமும் கிணறும் என்ரை ஐயா எனக்குத் தந்த சீதனம்; என்ரை கிணத்திலை எனக்கே இவர் ஞாயிற்றுக்கிழமை தாறாராம்."