பந்தயமே கட்டாத உமாபதி

விளையாட்டின் ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதற்கென்றே ஓர் இனம் இருக்கிறது. மட்டை பிடிக்கத் தெரியாது, ஓடினால் மூச்சு வாங்கும், ஆனால் ஆட்டக்காரன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் அத்துப்படி. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் பார்த்தவர் உமாபதி. அஜ்மானில் குடியிருந்து ஷார்ஜாவில் வேலை பார்த்தவர். தினமும் காலையில் கலீலுர் ரஹ்மானின் காரில் அவர், யாழ்ப்பாணத்துப் பத்மநாதன், நான் மூவரும் போவோம். முதல் ரவுண்டானாவைத் தாண்டுவதற்குள் பிரசங்கம் தொடங்கிவிடும். அந்தக் காலத்தில் வெள்ளை உடுப்பு, இப்போது கலர் பைஜாமா. அந்தக் காலத்தில் பந்து மட்டையில் பட்டால் அம்பயர் விரலைத் தூக்குமுன் ஆட்டக்காரனே நடையைக் கட்டுவான், இப்போது ஊருக்கே சத்தம் கேட்டாலும் வானத்தைப் பார்க்கிறான்! அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் பிரமுகரைச் சூதாடியதற்காக ஆயுள் முழுக்க ஒதுக்கிவைத்த செய்தி வந்ததே, எண்பத்தொன்பதில், அந்த வாரம் எங்களால் காரில் வாயே திறக்க முடியவில்லை.

"உள்ளே தள்ளணும் சார் இவனுங்களை!"

பேஸ்பாலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர்? அவருக்குத் தெரியாது. அதனால் என்ன?

அவர் பந்தயம் கட்டுவாரா? சேச்சே! ஷார்ஜா ஸ்டேடியத்தில் ஆட்டம் நடந்தால், 'சும்மா ஒரு சுவாரசியத்துக்கு' ஏதாவது வைப்பார். ஒரு பிரியாணி. ஒரு சென்ட் பாட்டில். அது சூதா? நட்பு!

இப்பேர்ப்பட்ட மனிதர் இருக்கும்போது வேறு யாரை அம்பயராகப் போடுவது? ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுமுன், எங்கள் கட்டடத்து ஆட்களுக்கும் கலீலுர் ரஹ்மானின் கம்பெனி ஆட்களுக்கும் மணல் மைதானத்தில் ஆட்டம். எங்களுக்குக் கடைசி விக்கெட், இன்னும் நான்கு ரன். மட்டையோடு பத்மநாதன். மூன்று வருஷமாக அந்தக் கம்பெனியிடம் தோற்றே பழகியவர்கள் நாங்கள்.

பந்து மட்டையின் விளிம்பை உரசிக் கீப்பர் கையில் விழுந்தது. மைதானத்து ஓரத்தில் நின்ற எனக்கே சத்தம் கேட்டது.

"நாட் அவுட்!" என்றார் உமாபதி.

பத்மநாதன் ஒரு கணம் நின்றார். பிறகு மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

"யோவ், எங்கய்யா போறே? நாட் அவுட்னு சொல்றேன்ல!"

"இல்லை ஐயா, பட்டது."

"படலை! அம்பயர் நானா, நீயா?"

"நீங்கள்தான். ஆனா பட்டால் நடக்கோணும் எண்டு ஒவ்வொரு நாளும் நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?"

அம்பயர் ஓடிப்போய் ஆட்டக்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்ததை அன்றுதான் பார்த்தேன். பத்மநாதன் விடுவித்துக்கொண்டு போயே போய்விட்டார்.

"கலாஸ், முடிஞ்சுபோச்சு, உமாபதி சார்! சாயந்தரம் வீட்டுக்கு வந்து டூ-இன்-ஒன்னை எடுத்துக்கிறேன்" என்று கை நீட்டினார் கலீலுர் ரஹ்மான். மச்சினன் கல்யாணத்துக்கு ஊருக்குக் கொண்டுபோக உமாபதி வாங்கிய புது டேப் ரிக்கார்டர். எங்கள் கட்சி ஜெயிக்கும் என்று எங்களுக்கே தெரியாமல் அதைப் பந்தயமாக வைத்திருக்கிறார்! அவர் மனைவி பிரபாவதிக்கு மாலையில்தான் தெரிந்தது. மாடியில் குடியிருந்தவர்களுக்கும் கேட்டதாம்.

மனிதர் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? சனிக்கிழமை காலை, கார் கிளம்பியதுதான் தாமதம்:

"அம்பயர் நாட் அவுட்னு சொன்னப்புறமும் நடந்து போறானுங்க சார்! அந்தக் காலத்துல அம்பயர் வார்த்தைக்கு ஒரு மரியாதை இருந்துச்சு!"

பத்மநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

நீங்கள் அடக்க வேண்டாம், தாராளமாகச் சிரியுங்கள். போன மேட்சில் உங்கள் கட்சி ஆள் அவுட் என்று உங்கள் கண்ணே சொல்லியும், 'அம்பயர் தீர்ப்பே தீர்ப்பு' என்று முதலில் குரல் கொடுத்தது யார் என்றோ, அன்று நீங்கள் எதை வைத்திருந்தீர்கள் என்றோ உங்கள் வீட்டில் நான் சொல்லப்போவதில்லை.