கணக்கப்பிள்ளைக்கு ஒரு கறுப்பு மாலை

இருளாண்டியின் இடது காதோரம் ஒரு சொட்டு மை விழுந்துவிட்டது.

நல்ல வேளை, அது படத்தில் இருந்த காது. அட்டையின் நடுவில் ஒட்டியிருந்த புகைப்படத்துக்குப் பக்கத்தில், பளிச்சென்ற வெள்ளையில், மிளகு போல ஒரு கறுப்பு. வேறு யாராக இருந்தாலும் அட்டையைக் கசக்கி எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்திருப்பார்கள். ஜெயக்காந்தன் எடுக்கவில்லை. புன்னகைத்தான்.

டூடுல் என்கிற கிறுக்கல் ஓவியத்தில் தப்பு என்று ஒன்று கிடையாது என்பது யூடியூபில் அவன் கற்ற முதல் பாடம். கோடு கோணினால் அதை இலையாக்கு. சொட்டு விழுந்தால் அதைப் பூவாக்கு. இதைவிட வசதியான வேதாந்தம் அவனுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டபோது அதைக் கலை வாழ்க்கை ஆக்கினான். மாத்தளை டவுனில் போட்டோகொப்பிக் கடை போட்டபோது அதை ஸ்டூடியோ ஆக்கினான். இப்போது சொட்டைத் தாமரை ஆக்கினான்.

இடது பக்கம் தாமரை வந்தால் வலது பக்கம் சும்மா இருக்குமா? அங்கேயும் ஒன்று. இரண்டையும் இணைக்க ஒரு கொடி. கொடி தள்ளாடியது, தள்ளாட்டத்தை மறைக்க மீன் செதில். செதில் ஓரத்தில் வலை, வலைக்குள் புள்ளி, புள்ளியைச் சுற்றி வளையம். மத்தியானத்துக்குள் இருளாண்டியைச் சுற்றி ஒரு கறுப்புக் காடு மண்டிவிட்டது.

படமும் அதற்கு ஒத்துழைத்தது. அடையாள அட்டைக்காக எடுத்த படம். அந்தப் படங்களில் எவரும் முழுதாக உயிரோடு இருப்பது போலத் தெரிவதில்லை. இருளாண்டி அதிலும் ஒரு படி மேல்.

அட்டைகளை ஏற்றிப்போக வேண்டிய திரீவீல்காரர் அன்ஸார் வந்து எட்டிப் பார்த்தார்.

“உங்க ஆக்கள்ட மரண அறிவித்தல் எவ்வளவோ லைட் கம்பத்துல பார்த்திருக்கேன் மாஸ்டர். அதுலயும் இவ்வளவு கறுப்பு இல்ல.”

“இது ஆர்ட். திரீவீல் ஓட்டுற கண்ணால பார்க்கக்கூடாது” என்றான் ஜெயக்காந்தன்.

அவனுடைய அவசரம் கலை பற்றியது மட்டுமல்ல. இருளாண்டி ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் மனைவி சுந்தரம்மாவுக்கும் கோவிலில் அறுபதாம் கல்யாணம். மூத்த மகள் விதுஷா, பள்ளிக்கூட டீச்சர், டவுனில் அத்தனை அச்சகம் இருக்க, இவன் கடைப் படியேறி வந்து கையால் செய்த அழைப்பிதழ் வேண்டும் என்று கேட்டாள். ஜெயக்காந்தன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். கார்டைப் பார்த்து இருளாண்டி மலைத்துப் போக வேண்டும். அந்த மலைப்பு அடங்குவதற்குள் பெண் கேட்டுவிட வேண்டும். அவர் மூஞ்சியைச் சுளித்தால் எல்லாம் போச்சு. ஆக, கார்டுதான் மாப்பிள்ளை. இவன் பின்னால் போகிற ஆள்.

மாதிரி அட்டையோடு ரத்தோட்டைக்குப் போனான். சுந்தரம்மா அதைக் கையில் வாங்கியதும், ஏனென்று தெரியாமலே, தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தன் படம் எங்கே என்று அவள் கேட்டாள். விதுஷா கொடுத்தது ஐயாவின் படம் மட்டும்தான், அதுவும் நல்லதுக்குத்தான், ஒரு வட்டத்துக்குள் இரண்டு தலை வந்தால் டிசைன் நொண்டும் என்று ஜெயக்காந்தன் விளக்கினான். இருளாண்டி அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்னைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கு தம்பி.”

கொஞ்சம் மஞ்சளாவது பூசக்கூடாதா, ஒரு மங்களகரம் வேண்டாமா என்று சுந்தரம்மா இழுத்தாள். வர்ணம் என்பது கோடு வராதவர்கள் பிடித்துக்கொள்கிற ஊன்றுகோல் என்பது ஜெயக்காந்தனின் கொள்கை. ஆனாலும் வருங்கால மாமியார். அதே இடத்தில் பேனாவைத் திறந்து, மங்களத்துக்காகப் படத்தின் மேல் ஒரு மாலையை வரைந்தான்.

சுந்தரம்மாவின் முகம் இன்னும் இருண்டது. மங்களம் பற்றவில்லை என்று புரிந்துகொண்டு, படத்தின் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றினான். சுந்தரம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

கதவோரம் தங்கை ஹம்சிகாவோடு நின்ற விதுஷா மட்டும் அட்டையைக் கண் எடுக்காமல் பார்த்தாள்.

“மாலை இன்னும் கொஞ்சம் தடிப்பா இருந்தா நல்லா இருக்கும்” என்றாள் மெதுவாக. “ஆனா நீங்க கலைஞர். உங்களுக்குத் தெரியாததா?”

ஜெயக்காந்தனுக்கு ரிவர்ஸ்டன் மலைப் பனிக்குள் நிற்பது போல் உள்ளம் குளிர்ந்தது. மகளின் பேச்சுக்கு இருளாண்டி ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. சரி அம்மா, உன் இஷ்டம் என்றார். மாலை தடித்தது.

அடுத்த நாட்களில் கடையில் போட்டோகொப்பி எடுக்க வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, ஒவ்வோர் அட்டையாகக் கையால் வரைந்து தள்ளினான். விழா நடக்கும் நாள், நேரம், கோவில் எல்லாம் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தன. எழுத்தை எவனும் அடிப்பான். முகப்பில் இருளாண்டியும், மாலையும், விளக்கும், கீழே ஒரு பெரிய இலைக்குள் ஜெயக்காந்தனின் பெயரும் போன் நம்பரும்.

அன்ஸார் வாயைத் திறக்காமல் அட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். வாயைத் திறக்காமல் அவர் எதையும் ஏற்றிப் போனது அதுதான் முதல் தடவை.

விதுஷா போன் பண்ணினாள். தூரத்துச் சொந்தங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படம் வேண்டுமாம். ஜெயக்காந்தன் முகப்பை மட்டும் எடுத்து அனுப்பினான். ஓவியம் இருக்கும்போது உள்பக்கத்தை யாராவது பார்க்க விரும்புவார்கள் என்று அவன் மூளைக்கு எட்டவில்லை. அதோடு விடாமல், தான் இருக்கிற எல்லாக் குரூப்பிலும் அதையே போட்டான். இருதயங்கள் குவியும் என்று காத்திருந்தான். குவிந்தவை எல்லாம் கூப்பிய கைகள். கலைக்கு ஜனங்கள் கும்பிடு போடுகிறார்கள் என்று நினைத்து உள்ளம் பூரித்தான்.

சனிக்கிழமை காலையில் பல்லேகமவில் இருந்து ஒரு கிழக்குரல் பேசியது.

“பெட்டியை எத்தனை மணிக்குத் தம்பி எடுக்கிறீங்க?”

“எந்தப் பெட்டி?”

“இருளாண்டி அண்ணன் பெட்டிதான். எங்களுக்குப் பஸ் பிந்தும். முகத்தைப் பார்க்காம எடுத்துறாதீங்க.”

போனை வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. அதற்கடுத்தது. நெஞ்சு வலியா, ரோட்டில் விழுந்தாரா என்று விசாரித்தார்கள். ஒருவர் மலர்வளையத்துக்கு ஓடர் கொடுத்துவிட்டு, அதில் எழுத வாசகம் கேட்டார்.

‘ஐயா உயிரோடு இருக்கிறார், நாளைக்கு விழா’ என்று இரண்டு வரி தட்டி அனுப்பியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வெறும் எழுத்தை அனுப்பினால் கலைஞனின் மரியாதை என்னாவது? அதே படத்தை எடுத்தான். கறுப்பைத்தானே தப்பாகப் பார்க்கிறார்கள்? கறுப்புக் காட்டை நீக்கினான். அதற்குப் பதிலாக இருளாண்டியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று மேகங்கள் சுருட்டினான். மேகங்களுக்கிடையே பறவைகள் பறக்கவிட்டான். தலைக்கு மேலே கதிர் விரியும் ஒரு வட்டம். விழா விபரத்தை மேகத்தின் மடிப்புகளுக்குள் அலங்கார எழுத்தில் ஒளித்து எழுதினான். அனுப்பினான்.

நேற்றுக் கை கூப்பியவர்கள் இன்று கண்ணீர் விட்டார்கள். சொர்க்கத்தில் ஐயா அமைதியாக இருப்பதைப் பார்க்க ஆறுதலாக இருக்கிறது என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார்.

விதுஷாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டான். அவள் ஒரு சொல் கோபிக்கவில்லை. மேகம் நல்லா இருக்கு என்றாள். பெண்ணென்றால் இவள்தான் பெண் என்று எண்ணிக்கொண்டு அன்ஸாரின் திரீவீலில் ஏறினான்.

ரத்தோட்டையைத் தாண்டி, இருளாண்டியின் வீட்டுக்குத் திரும்பும் பாதை நெடுக வெள்ளைக் கொடி தொங்கியது. தோட்டத்துப் பையன்கள் கடமை தவறாதவர்கள். வாட்ஸ்அப் பார்த்த கையோடு கயிறு கட்டிவிட்டார்கள்.

அன்ஸார் கொடிகளை அவிழ்த்துவிடுவோம் என்றார். நியாயமான யோசனை, ஆகவே ஜெயக்காந்தனுக்குப் பிடிக்கவில்லை. சட்டைப் பையில் தடித்த கறுப்பு மார்க்கர் இருந்தது. வெள்ளைக் கொடிதானே துக்கம்? அதில் சித்திரம் போட்டால் திருவிழாக் கொடி. திரீவீலின் கூரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கொடி கொடியாகச் சுருளும் வலையும் போட்டுக்கொண்டே வந்தான். திரும்பிப் பார்த்தபோது, சாதாரணச் சாவு வீட்டுக்குப் போகிற பாதை, யாரோ பெரிய மனிதர் செத்த வீட்டுக்குப் போகிற பாதையாக மாறியிருந்தது.

வாசல் நிறைய ஜனம். இருளாண்டி வீட்டில் இல்லை.

“அவரு வாழைத்தார் வாங்கக் கடைக்குப் போயிருக்காரு. நல்லாத்தான் இருக்காரு” என்று சுந்தரம்மா தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். “பாவம், தாங்க முடியாமப் புத்தி பேதலிச்சுப் போச்சு. இப்படித்தான் சொல்லிக்கிட்டே இருப்பா. எதிர்த்துப் பேசாதீங்க.”

ஜெயக்காந்தன் முன்னால் போய், தன் கார்டில் தவறில்லை, பார்க்கத் தெரியவில்லை என்று ஆரம்பித்தான். மலர்வளையத்தோடு நின்ற ஒருவர் அதை அவன் கையில் திணித்துவிட்டு மூக்கைச் சிந்தப் போய்விட்டார்.

அப்போதுதான் கலேவெலயில் இருந்து ஒரு மரக்கறி லொறி வந்து நின்றது. பின்னால் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே உறவுக் கூட்டம். முன்னால் இருந்து, கையில் புதுச் சேலையோடு, நெஞ்சில் அடித்தபடி இறங்கியவர் இந்திரகுமார். சுந்தரம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். விதுஷாவின் சடங்கில் தாய்மாமன் சீர்த்தட்டை முதலில் வைக்காமல் இரண்டாவதாக வைத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு போனவர், அன்றிலிருந்து இந்த வாசலை மிதிக்கவில்லை.

“தங்கச்சி, உன் தலையில இப்படி இடி விழுந்துருச்சே” என்று கதறியபடி அவர் சேலையை விரிக்கவும், பஸ்ஸில் இருந்து வாழைத்தாரோடு இருளாண்டி இறங்கி வரவும் சரியாக இருந்தது.

இந்திரகுமார் சேலையை விரித்தபடியே நின்றார்.

“மச்சான், நீங்க சாகலையா?”

“நாளைக்கு அறுபதாம் கல்யாணம் இருக்கு மச்சான். அதுக்கப்புறம் பார்க்கலாம்” என்றார் இருளாண்டி. வாழைத்தாரை இறக்கி வைக்க ஆள் தேடினார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சுந்தரம்மா மட்டும் அழுதாள், அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு. இந்திரகுமாரும் அழுதார். கோபப்படுவது போலவே அழுதார்.

“இது கல்யாணக் கார்டுன்னு தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன். நல்லதுக்கு ஆயிரம் ரோசம் பார்க்கலாம். கூடப் பிறந்தவ தாலி இல்லாம நிக்கிறப்போ கோடி போட அண்ணன் வரலைன்னா நான் மனுசனா?”

வந்தவர் வந்தாயிற்று. கோடிச் சேலையைக் கொண்டுபோய், கல்யாணச் சேலையாக மாற்றி வர ஆள் அனுப்பினார்கள். நாளைக்குத் தன் தட்டுத்தான் முதலில் என்று இந்திரகுமார் சத்தியம் வாங்கினார். வாங்கிய சூட்டோடு, லொறியை ஓட்டிவந்த மகன் சசிக்குமாரை இழுத்து நிறுத்தி, விட்டுப்போன உறவைக் கட்டிப்போட ஒரே வழி முறைப்பெண்ணை முறைப்பையனுக்குக் கொடுப்பதுதான் என்றார். இருளாண்டி மகளைப் பார்த்தார். விதுஷா தலை குனிந்தாள். குனிந்த தலைக்குள்ளிருந்து சிரிப்பு கசிந்தது. சசிக்குமாரிடமும் புதிதாகப் பார்க்கிற வெட்கம் எதுவும் இல்லை. நேரே போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டான்.

மார்க்கர் ஒரு கையிலும் மலர்வளையம் மறு கையிலுமாக ஜெயக்காந்தன் தனியே நின்றான். இதை எந்தப் பூவாக மாற்றுவது என்று யூடியூபில் சொல்லித் தரவில்லை. தன் கலையே தன் கழுத்தை அறுத்துவிட்டது, தான் மட்டும் கொஞ்சம் கறுப்பைக் குறைத்திருந்தால் விதுஷா தனக்குத்தான் என்று பக்கத்தில் தேத்தண்ணியோடு வந்த ஹம்சிகாவிடம் புலம்பினான்.

ஹம்சிகா கோப்பையை நீட்டினாள்.

“மனசை விடாதீங்க அண்ணே. நல்லதுக்குக் கூப்பிட்டா மாமாவும் வரமாட்டாரு, சசி அத்தானும் வரமாட்டாருன்னுதானே, கல்யாணக் கார்டையும் கருமாதிக் கார்டு மாதிரி வரையிற ஆளா மாத்தளை முழுக்கத் தேடி அக்கா உங்களைப் பிடிச்சா.”