பணிவுக்குப் பத்து மதிப்பெண்

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. திருத்தணியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் ஷாலினி, அரக்கோணம் போகும் ரயிலில் நின்றுகொண்டே சொன்னது. என்னோடு கல்லூரியில் படித்தவள். பொய் சொல்ல மாட்டாள். அலுவலகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததாம். கோப்புகள் தாமதமாவதற்கு ஊழியர்களின் அகந்தையே மூலகாரணம் என ஆராய்ந்து அறியப்பட்டுள்ளபடியால், இனி பணி நிரந்தரத்துக்கும் பதவி உயர்வுக்கும் பணிவு என்னும் நற்குணத்துக்காகப் பத்து மதிப்பெண் வழங்கப்படும். உரிய ஆதாரம் இணைக்கப்பட வேண்டும்.

பணிவுக்கு எதை ஆதாரமாக இணைப்பது? மேலாளர் ராஜமாணிக்கம் ஜன்னல் வழியாகக் கோயில் மலையைப் பார்த்தார். விடை அங்கேயே இருந்தது. முடியைக் கொடுத்தால் அகந்தையைக் கொடுத்த மாதிரி. மலையில் மொட்டை போட டோக்கன் தருகிறார்கள். அதை இணைத்தால் பத்து மதிப்பெண்.

ஒரே வாரத்தில் அலுவலகம் பளபளத்தது. மனு கொடுக்க வந்தவர்களுக்கு எந்த சார் எவர் என்று தெரியவில்லை.

சிக்கல் குணசேகரனுக்குத்தான். பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். மாதக் கடைசிக்குள் நிரந்தரமாகாவிட்டால் வேலை போய்விடும். மற்றவர்கள் மலைக்குப் போன நாட்களில் எல்லா ஜன்னலுக்கும் ஓடி ஓடி மனு வாங்கியவர் அவர். ஆனால் முப்பது வயதிலேயே தலையில் ஒரு முடி மிஞ்சவில்லை.

"டோக்கன் எங்கப்பா?" என்றார் ராஜமாணிக்கம்.

"மலைக்குப் போனேன் சார். மொட்டை போடறவரு தலையத் தடவிப் பாத்துட்டு, 'இங்க எனக்கு இன்னா வேலை'ன்னு அனுப்பிட்டாரு. டோக்கன் தரல."

"அப்ப மார்க்கு இல்ல."

"தலை உங்களுது மாதிரிதானே சார் இருக்குது?"

"எங்களுது நாங்களா குடுத்தது. உன்னுது தானா போனது. அது பணிவுல வராது, இழப்புல வரும்."

"இழப்புக்கு எத்தினி மார்க்கு சார்?"

"அதுக்கு உத்தரவு வரல. முளைச்சதும் எடுத்துனு வா. மாசக் கடைசி வரைக்கும் டைம் தரேன்."

குணசேகரன் தினமும் தலையில் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். எண்ணெய் மட்டும் இருந்தது.

மாதக் கடைசியில் மிகப் பணிவானவருக்குக் கேடயம் என்று அறிவித்தார்கள். மேலாளர் தானே எடுத்துக்கொள்ளப் போக, மூத்த எழுத்தர் கோதண்டபாணி அதன் மறுமுனையைப் பிடித்தார்.

"நான் படி ஏறிப் போய் எடுத்தவன். நீங்க கார்ல போனீங்க. யாருக்கு சார் பணிவு ஜாஸ்தி?"

"எங்கிட்டயே பணிவப் பத்திப் பேசறியா? நான் யாருன்னு தெரியுமா?"

இழுத்த இழுப்பில் கேடயம் இரண்டாகப் போயிற்று. கீழே உட்கார்ந்து பசை போட்டு ஒட்டிக் கொடுத்தவர் குணசேகரன். அன்று அவருக்குக் கடைசி நாள்.

அரக்கோணம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஒருத்தி சொன்னதை அப்படியே எழுதக் கூடாது என்று பிறகு நேரில் போய்ச் சரிபார்த்தேன். குணசேகரனின் இடத்துக்கு வந்த விண்ணப்பங்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மொத்தம் நாற்பத்தொன்று. டோக்கன் இணைக்காதது ஒன்றே ஒன்று, அது குணசேகரனுடையது. இணைத்த நாற்பதில் பதினேழாவது என்னுடையது.