உஸர்ஹத்துக்கு இடமில்லை

"வெங்காயமா? என் பெண்டாட்டிக்கு அந்த வாசமே ஆகாதுய்யா. காலம் பூரா இது முன்னாடியா உட்கார்ந்திருப்பா?"

பண்டை எகிப்தின் களஞ்சிய அதிகாரி உஸர்ஹத் போட்ட அதட்டலில் சிற்பி கென்னாவின் உளி நழுவியது. கல்லறைச் சுவரில், போன அறுவடையில் இறந்த அதிகாரியின் மனைவி பக்கெத் சாப்பாட்டு மேசைமுன் அமர்ந்திருந்தாள். எதிரே கணவரைச் செதுக்க வேண்டிய இடம் வெறும் கல்லாக இருந்தது. சுவரில் இருப்பதுதான் மறுமையில் கிடைக்கும். செதுக்காத ஆள் அவளோடு சேர முடியாது. மற்ற பக்கமெல்லாம் உளி பட்டால் பொடியும் கல் என்பதால் உருப்படியாக இருந்தது இந்த ஒரு சுவர்தான்.

"வாத்தா மாத்திடறேன் ஐயா."

வெங்காயத் தாள்கள் வாத்தின் கால்களாயின.

"இது உயிரோட நிக்குதே. நமக்கு இது சாப்பாடா, இதுக்கு நாம சாப்பாடு போடணுமா?"

கென்னா வாத்துக்கு முன்னால் தானியக் குவியல் செதுக்கினான்.

"களஞ்சியத்துலயே கிழவனானவன் நான். தானியம் இருந்தா எலி வரும்."

நாற்காலிக்கடியில் பூனை வந்தது.

"பூனை வாத்தை விட்டுவைக்குமா?"

கென்னாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு வேலைக்காரனை நிறுத்தறேன். பூனையையும் விரட்டுவான், அம்மாவுக்கு ரொட்டியும் எடுத்து வைப்பான். போதுமா?"

"அப்படிச் செய். வேளாவேளைக்கு யாராவது கவனிக்கணும் அவளை."

வேலைக்காரனைச் செதுக்கி முடித்துத் தூசியை ஊதியபோதுதான் இருவரும் பார்த்தார்கள். உஸர்ஹத்தின் இடத்தில் அவன் நின்றிருந்தான். வெட்டிய கல் திரும்பி வராது.

அடி விழும் என்று கென்னா தோளைக் குறுக்கிக்கொண்டான். அதிகாரி அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பிள்ளையைப் போல் அழுதார்.

"அவ அங்க தனியா உட்கார்ந்திருப்பா கென்னா. நான் எங்க போவேன்?"

கென்னாவுக்கும் கண் கலங்கியது. பீர்ச்சாடியோடு வந்த அவர் வீட்டு வேலைக்காரி தெந்தி, சுவரை ஒருமுறை பார்த்தாள்.

"இதுக்கா இந்த அழுகை? அந்த ஆளு தலைக்கு மேல ஐயா பேரை எழுதுங்க. பேரு யாரோடதோ, ஆளும் அவர்தானே?"

"ஒரு அதிகாரி ரொட்டித்தட்டோட நிக்கறதா?" கென்னா பதறினான்.

தெந்தி குரலைத் தாழ்த்தினாள்.

"வீட்ல அம்மாவுக்குத் தினமும் ரொட்டி எடுத்து வெச்சதே ஐயாதான். வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு."