புயல் வண்டி ஏறிய பத்து நாள்

"பத்தே நாளில் இந்தக் குதிரையை வண்டியில் ஏத்திக் காட்டலைன்னா என் மீசையை எடுத்துடறேன்!" என்று மனைவியிடம் சபதம் செய்தேன். ஆவேசத்தில் மேஜையில் ஒரு குத்து. டீ தளும்பிவிட்டது.

"மீசையும் போச்சுன்னா அந்த மூஞ்சில வேற என்ன இருக்கு? மேஜையைத் துடைச்சிட்டுப் போங்க."

துடைத்தேன். சபதம் செய்தவன் மேஜை துடைக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

நான் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். என் மனைவி வீட்டுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிறாள். குதிரையின் பெயர் புயல். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். கொடியில் காயும் போர்வை அசைந்தாலே அதற்கு நாலு காலும் உதறும். குதிரையை ஏற்றிக்கொண்டு போக, காரின் பின்னால் மாட்டி இழுக்கும் பெட்டி வண்டியைப் பார்த்தாலோ, அடுத்த தெருவில்தான் போய் நிற்கும்.

உங்களிடம் மறைப்பானேன்? குதிரை மேல் எனக்குப் பாசம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. ஆறு மணி நேரப் பயணத்தில் என் மைத்துனரின் குதிரைப் பண்ணை. அங்கே பத்தாம் நாள் தொடங்கி இரண்டு வாரப் பயிற்சி முகாம். புயல் வண்டி ஏறினால் மனைவி கிளம்புவாள். மனைவி கிளம்பினால் இரண்டு வாரம் வீடு எனக்கு! சோபாவில் கால் நீட்டலாம். சாப்பாட்டு மேஜையில் பற்சக்கரங்களைப் பரப்பலாம். நினைக்கவே இனித்தது.

மைத்துனர் வீட்டுக்கு நானும் போகலாமே என்கிறீர்களா? விருந்தாளியை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி, லாயம் கழுவத் துடைப்பத்தைக் கையில் கொடுப்பார். கழுவி முடிக்கும்வரை தன் முழங்கால் ஆபரேஷன் கதையைச் சொல்வார். ஆறு வருஷமாகக் காய்ச்சல், சுளுக்கு, அவசர வேலை என்று தப்பித்து வருகிறேன்.

முதல் நாள் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். புயல் பின்னால் போனது. நானும் போனேன், துணிக்கொடியையும் சேர்த்துக்கொண்டு.

"இழுக்காதீங்க!" என்று ஓடி வந்தாள் மனைவி. "இழுத்தா யார்தான் வருவாங்க? நீங்க முதல்ல உள்ள போய் சும்மா உட்காருங்க. பயப்படுற எடம் இல்லைன்னு தெரிஞ்சா அதுவே வரும்."

"சும்மா உட்கார்றதா?"

"உங்களுக்குப் புதுசா என்ன?"

மடக்கு நாற்காலி, செய்தித்தாள், ஒரு பை கேரட். வண்டியின் முன்பகுதியில், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் புயல், வண்டியில் ஏறுவதற்கான சாய்வுப் பலகையை மோந்து பார்த்தது. ஒரு கேரட். நான்காம் நாள் ஒரு குளம்பை வைத்தது. இரண்டு கேரட். உடனே பின்வாங்கி ஓடினாலும் நான் திட்டவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், எனக்கா பொறுமை இல்லை?

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வீட்ல தகராறா? வண்டிக்கே குடி வந்துட்டீங்க?"

"குதிரையைப் பழக்குறேன் டாக்டர்."

"குதிரை வெளியில நிக்குது. நீங்கதான் உள்ள இருக்கீங்க!"

பொறாமை பிடித்த மனுஷன். எட்டாம் நாள் புயல் முழுசாக உள்ளே வந்து, செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைத் தின்றது. ஒன்பதாம் நாள் என் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பத்தாம் நாள் காலை. வழியனுப்ப லுங்கியோடு நின்றேன். மனைவி புயலைப் பலகைவரை கூட்டி வந்தாள். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு அது என்னைத் திரும்பிப் பார்த்தது.

"உங்களைத்தான் தேடுது. போய் உட்காருங்க."

உட்கார்ந்தேன். சாதுவாக ஏறிவிட்டது! மனைவி பின்கதவை மூடினாள். பக்கத்துக் குட்டிக் கதவு வழியாக வெளியே குதித்து, மீசையைத் தடவிக்கொண்டேன்.

"பார்த்தியா? சரி, பத்திரமா போயிட்டு வா."

"போயிடலாம். வர்றப்ப யாரு உள்ள உட்காருவா?"

மீசையிலிருந்து கையை எடுத்தேன்.

"உங்க அண்ணன் உட்காரட்டுமே!"

"அண்ணன் பக்கத்துல போனா அது கூரையில ஏறிடும். பத்து நாளா பழகினது உங்களோட."

"அப்ப கடைசி நாள் பஸ்ல வந்துடறேன்."

"ஆறு மணி நேரம் பஸ்ல வந்து, அஞ்சு நிமிஷம் நாற்காலில உட்கார்ந்துட்டுத் திரும்பறதுக்கா?"

"துணியெல்லாம் எடுத்து வைக்கலையே! இஸ்திரி போடணும், ஷேவிங் செட் தேடணும்..."

அவள் காரின் பின்கதவைத் திறந்தாள். என் பெட்டி. உள்ளே இஸ்திரி போட்ட ஆறு சட்டை, ஷேவிங் செட், என் அளவுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

"இதெல்லாம் எப்ப எடுத்து வெச்சே?"

"நீங்க நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வண்டிக்குள்ள போனீங்களே, அன்னிக்கு."

பேன்ட் மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தி, ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அவள் போனை எடுத்தாள்.

"அண்ணா, ரெண்டும் ஏறிடுச்சு. முரண்டு பண்ணவே இல்ல."